தம்பியின் பங்குக் கடலை

பத்து அவித்த நிலக்கடலை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அத்தை அதை என் பாவாடை முனையில் முடிந்துவிடுவார். காஜா பெராங்கில் எங்கள் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டின் பின்புறம் அவரே நட்டு, அவரே பிடுங்கிய கடலை. "அம்மா ரேஷனுக்குப் போனதும் நல்லா மென்னு கூழாக்கி, தம்பி வாயில விரல் நுனியால வை பாப்பா. ஒதடு தடிச்சா நிறுத்திடு. அம்மாகிட்ட மூச்சு விடாத" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம்.

கடலை என்றாலே அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கும். எனக்கு முன் பிறந்த அண்ணனுக்குச் சோறூட்டத் தொடங்கிய மாதத்தில், கஞ்சியில் கடலைப் பொடியைக் கலந்து கொடுத்திருக்கிறார். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் மூச்சு நின்றுவிட்டதாம். அதனால் ஏழு மாதத் தம்பிக்குக் கடலை மட்டுமல்ல, முட்டையும் மீனும்கூடக் கூடாது என்று தள்ளிவைத்தார். அரிசி கண்ணில் படுவதே அரிது; அம்மாவுக்குப் பாலும் வற்றிவிட்டது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குக் கூழ்தான். அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போன பிறகு அம்மாவை எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை. அப்பாவின் தங்கையான அத்தைக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. கள்ளத்தனமாகத்தான் துணிந்தார்.

முதல் நாள் ஒரு கடலையை மென்றேன். தம்பி வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தான். அண்ணன் செத்த கதை ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன். அது சத்தியமாகப் பயம்தான். இரண்டாவது கடலையை ஏன் தின்றாய் என்று கேட்டால், பசி என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து பத்தையும் நானே தின்றேன். சாயங்காலம் அத்தை கண்ணாலேயே கேட்பார், நான் தலையை ஆட்டுவேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது தம்பியின் பாதங்கள் உப்பியிருப்பதை அம்மா பார்த்தார். முகமும் ஊதியிருந்தது. அம்மாவுக்கு அண்ணனின் முகம்தான் தெரிந்திருக்கும். அத்தையின் கையைப் பிடித்து, "எம்புள்ளைக்கு என்ன குடுத்த?" என்று மெதுவாகக் கேட்டார். "கடலை, அண்ணி" என்று சொல்லி அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜாலான் பெண்டஹாரா தெருவில், முன்பு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸராக இருந்த ஒருவர் வைத்தியம் பார்த்தார். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவரிடம் போனோம். அவர் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. "இது தின்னதால வந்த வீக்கம் இல்லம்மா, தின்னாததால வந்தது. வெறும் கெழங்கையே குடுத்தா இப்படித்தான். முட்டை, மீனு, கடலை எல்லாம் குடுங்க. ஒவ்வொண்ணா, துளியூண்டு, பாத்துப் பாத்துக் குடுங்க."

அம்மா குழம்பிப்போனார். "கடலைதான் இவ குடுத்திருக்காளே?"

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் சதை பிடித்திருந்த என் கன்னத்தைப் பார்த்தார்.

"இல்ல அண்ணி. குடுக்கணும்னுதான் எடுப்பேன். பசி தாங்கல, நானே தின்னுடுவேன்" என்றார்.

அத்தை தன் நல்ல சேலையைக் கொடுத்து முட்டையிடும் கோழி ஒன்று வாங்கி வந்தார். அம்மா ஒரு துளி மஞ்சள் கருவைத் தம்பியின் உதட்டில் தடவிவிட்டு, பொழுது சாயும்வரை அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சில நாள் கழித்து மீன். கடலைக்கு வந்தபோது அம்மா இரண்டு தடவை கீழே சிந்திவிட்டார். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் சாப்பிடும் பக்கம் அத்தையை அம்மா அதன்பின் விடவே இல்லை.

அத்தையும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. போன மாதம் கிளேபாங்கில் தம்பி வீட்டில் அவன் பேரனுக்கு முதல்முதலாகக் கடலை கொடுத்தார்கள். டாக்டர் சொன்னபடி வெண்ணெயாக அரைத்ததைக் கரண்டி நுனியில் எடுத்து ஊட்டிவிட்டு, மருமகள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தேன்.

"என் பங்குக் கடலைய அத்தை தின்னுட்டாங்க. இவனாச்சும் தின்னட்டும்" என்றான் தம்பி.

அவன் எப்போதும் சொல்வதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.