இடது காலுக்கு ஒரு விரற்கடை குறைவு

கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களின் மட்டைப் பை தூக்கும் பெண்கள் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மழைக்காலம் தொடங்கும் வரை அவளுக்குப் ‘புயல்’ என்று பெயர், நடை அப்படி. பதினான்காவது குழிக்கு இறங்கும் ஈரச் சரிவில் பையோடு உருண்ட அன்று சாயங்காலமே பெயர் மாறிவிட்டது: ‘வழுக்கி’.

கால் பிசகியது நாலு நாளில் சரியாகிவிட்டது. மேற்பார்வையாளர் சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

“இது ரெண்டாவது தடவைம்மா. இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பயிற்சித் திடல்ல பந்து பொறுக்கப் போக வேண்டியதுதான். அப்புறம் என்னைத் திட்டாதீங்க.”

பந்து பொறுக்குவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் பந்து மேலே படாமலிருக்கக் கம்பி வலை போட்ட வண்டிக்குள் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு நடக்க வேண்டும். காற்றைப் பார்த்து, புல்லைப் பார்த்து, “டாக்டரம்மா, கொஞ்சம் வலப்பக்கமா அடிங்க” என்று சொல்ல வேண்டும். பந்து அவள் சொன்ன இடத்தில் விழுந்துவிட்டால் அன்று முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியாது.

அதனால் ஷூ வாங்கக் கிளம்பினாள். அதுவே ஒரு செய்தி. அந்த மைதானத்தில் பை தூக்குகிறவர்கள் யாரும் ஷூ வாங்குவதில்லை. ஆடுகிறவர்கள் பழசாக்கிக் கொடுப்பதைப் போட்டுக்கொள்வார்கள். யாருடைய ஷூ யாருக்கு வருகிறது என்பதில் பெருமையும் உண்டு, பொறாமையும் உண்டு. இவளுக்கு வருவதெல்லாம் இவள் வழக்கமாகப் பை தூக்கும் பல் டாக்டரம்மாவின் ஷூக்கள். உயர்ந்த சரக்கு, அளவும் கச்சிதம்.

கடைக்கு வேலை முடிந்து நேராகப் போனாள். நாள் முழுக்க நடந்து பாதம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும் என்று, கால் பிசகியபோது பார்த்த பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். மைதானத்திலிருந்து ஒரு பையையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். துணைக்குக் கணவர். தையல்காரர்.

“மேடம், பைய இங்க ஓரமா வைங்க,” என்றாள் விற்பனைப் பெண்.

“இதோடதாம்மா நடப்பேன். இதோடதான் போட்டுப் பாப்பேன்.”

முதலில் வந்தது பஞ்சு போன்ற ஒரு ஜோடி.

“மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கும் மேடம்.”

உண்மைதான். கடைக்குள் விரித்திருந்த கம்பளத்தில் சொர்க்கம். இடது தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருந்த சாய்தளத்தில் இறங்கினாள். குதிகால் உள்ளேயே அங்கும் இங்கும் அசைந்தது.

“மேகத்துல பை தூக்க முடியாது போலம்மா. வேற காட்டு.”

“வெள்ளை எடுப்பா இருந்துச்சே,” என்றார் கணவர்.

“நீங்க போட்டுக்கோங்க.”

இரண்டாவது ஜோடி பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது. முன்பக்கம் அகலம், விரல்கள் தாராளமாக அசைந்தன. குதிகாலைச் சுற்றி இறுக்கமான விளிம்பு. இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தாள், நடுப்பகுதி அசைந்து கொடுக்கவில்லை. அடியில் சின்னச் சின்ன ரப்பர் முளைகள். மாட்டிக்கொண்டு சாய்தளத்தில் இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். பை ஆடியது, கால் ஆடவில்லை.

“நில்லு, நில்லு,” என்று கணவர் கீழே குனிந்தார். “உன் பேன்ட்டுக்கு என்ன ஆச்சு?”

இடது கால் விளிம்பு வலதைவிட ஒரு விரற்கடை மேலே ஏறி நின்றது.

“நீங்க தைச்சதுதானே?”

“நான்தான் தைச்சேன். உனக்கு இடது பக்கம் எப்பவும் தரையில இழுபடும். சரி, பொண்டாட்டிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, வெளிய சொன்னா வருத்தப்படுவான்னு கமுக்கமா மடிச்சுத் தச்சுட்டிருந்தேன்.”

“எனக்குக் கால் குட்டையா?”

“இப்ப இல்லையே! அதான் கேக்கறேன்.”

பழைய ஷூக்களைக் கண்ணாடி மேசை மீது வைத்தாள். வலது நேராக நின்றது. இடது, குடித்தவன் போல வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. திருப்பினால், வெளி விளிம்பு மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. டாக்டரம்மா மட்டையை வீசி முடிக்கும்போது மொத்த உடம்பும் இடது பாதத்தின் வெளி ஓரத்தில் போய் நிற்கும். எத்தனை தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அந்த ஆட்டமெல்லாம் தேய்த்த ஷூவில், இடது தோளில் பையோடு, சரிவில் இறங்கியிருக்கிறாள். இரண்டு தடவையும் விழுந்தது இடப்பக்கம்தான்.

“அப்போ நான் இத்தனை நாளா டாக்டரம்மாவுக்கா தச்சேன்?” என்றார் கணவர். விற்பனைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டி எடுக்க உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை டாக்டரம்மா கையில் ஒரு பையோடு வந்தார். உள்ளே ஒரு ஜோடி, கொஞ்ச நாள்தான் போட்டது. மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றால் அவமரியாதை, போட்டால் மறுபடி சரிவில் உருள வேண்டும்.

“டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஷூ உங்க ஆட்டத்துக்குப் பழகிடுது. என் நடைக்கு ஒத்து வரல.”

“என் ஆட்டம் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“நல்லா ஆடறீங்க. அதான் இப்படித் தேயுது.”

டாக்டரம்மா தன் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளுடைய முரட்டு ஷூவைப் பார்த்தார். “இது எங்க கிடைக்குது?” என்றார்.

பதினான்காவது சரிவு முந்தைய நாள் மழையில் ஊறிக் கிடந்தது. கீழே மேற்பார்வையாளர் குடையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். “வழுக்கி வருது, வழி விடுங்க!” என்று யாரோ கத்தினார்கள். குதிகாலை முதலில் ஊன்றி, பாதம் முழுக்கப் பதித்து, அவசரமில்லாமல் இறங்கினாள். முளைகள் புல்லைக் கவ்வின. அடிவாரத்துக்கு வந்ததும் பையை நேராக நிறுத்தினாள்.

மேற்பார்வையாளர் அவள் காலைப் பார்த்தார். “சரி, அடுத்த குழிக்கு நடங்க,” என்றார்.

அன்று வீட்டில் கணவர் அவளுடைய பேன்ட்டுகளைக் குவித்து வைத்து இடது கால் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா குடுத்தத எனக்காவது வாங்கிட்டு வந்திருக்கலாமே,” என்றார். “நாள் முழுக்க மிஷின்ல உக்காந்திருக்கிறவனுக்கு எந்தப் பக்கம் சாய்ஞ்சா என்ன?”

“முதல்ல அந்தக் கறுப்புப் பேன்ட்டைப் பிரிங்க. நாளைக்கு அதான் போடணும்.”