மாமா உள்ளே வர முடியாத கொம்பியூட்டர்

பிள்ளைகளே, வீட்டுக் கொம்பியூட்டருக்கு லினக்ஸ் போட்ட கதையை நீங்கள் இருவரும் பலருக்கும் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரிதான், வேகம் கூடியது. அந்த வேகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. நான் பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த மெசினைக் கனடாவிலிருந்து அனுப்பியவர் உங்கள் மாமா, அம்மாவின் தம்பி. அனுப்பியதோடு அவர் விட்டுவிடவில்லை. ஞாயிறு காலையில் அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாக அதற்குள் நுழைந்து துப்புரவாக்குவார். எங்களுக்குக் காலை, அவருக்கு இரவுக் காவல் வேலை. வேலையிடத்தில் கதைக்கக் கூடாது என்பதால், எங்கள் திரையில் வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து, "அக்கா, இண்டைக்கு என்ன சமையல்?" என்று எழுதுவார். அம்மா தேத்தண்ணியோடு முன்னால் இருந்து, திரையில் ஓடும் அம்பைப் பார்த்து வாயால் பதில் சொல்லுவாள். அது அவருக்குக் கேட்காது. சின்னவனே, நீதான் அதை அந்தப் பக்கத்தில் தட்டி எழுதுவாய். வைரஸ் இல்லாத கிழமையிலும் மாமா வைரஸ் தேடுவார்.

மூத்தவளே, உனக்குச் சொஃப்ட்வெயர் வேலை கிடைத்தது அந்த வருடம்தான். கம்பனியில் எல்லோரும் லினக்ஸ். வீட்டு மெசினில் உன் புரோகிராமை ஓட விட்டால் உள்ளே விசிறி தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெசின் மாதிரிச் சத்தம் போடும். நீ சாப்பிட்டுவிட்டு வருவாய், அது முடிந்திருக்காது. ஒரு சனிக்கிழமை படங்களையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு, பழைய சிஸ்டத்தை அழித்து லினக்ஸைப் போட்டாய். மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை என் போன் அடித்தது. மாமா குசுகுசுத்தார்.

"அத்தான், உங்கை கரண்ட் இல்லையோ? என்னாலை உள்ளுக்கை வர ஏலாமல் கிடக்கு."

"கரண்ட் இருக்கு, மச்சான். பிள்ளை சிஸ்டத்தை மாத்திப்போட்டாள்."

"ஆரைக் கேட்டு? குடுங்கோ அவளிட்டை."

நீ வாங்கினாய். "மாமா, இது லினக்ஸ். சும்மா கிடைக்கிறது. வைரஸும் லேசிலை வராது."

"சும்மா வாறதுக்கு ஆர் பொறுப்பு? பழுதானால் ஆரிட்டைப் போவாய்?"

"நானே திருத்துவன்."

சொன்ன கையோடு குரலைத் தணித்தாய்.

"நீங்களும் வரலாம், மாமா. அதுக்கு வேறை ஒரு புரோகிராம் போட்டுத் தாறன்."

"வந்து? எல்லாத்தையும் நீயே பாக்கிற மெசினிலை நான் விருந்தாளி மாதிரி விறாந்தையிலை குந்திக்கொண்டு இருக்கிறதோ?" சிரித்துக்கொண்டுதான் வைத்தார்.

அடுத்த ஞாயிறு மாமாவிடமிருந்து போன் வரவில்லை. அம்மா தேத்தண்ணியோடு மெசினுக்கு முன்னால் இருந்தாள். அம்பு நின்ற இடத்தில் நின்றது.

"நீர் போன் எடுத்துக் கதையுமன்," என்றேன்.

"எடுத்து என்னத்தைக் கேக்கிறது? சுகமோ எண்டால் சுகம் எண்டுவான். முந்தி அவன் வேலையாய் வந்தான். கதை தன்ரை பாட்டிலை நடந்தது."

அதைக் கேட்ட நீ, பழையதைத் திரும்பப் போடவோ என்றாய். வேண்டாம் என்றேன். உன் உழைப்பு லினக்ஸில்தான். மாமாவுக்கும் உன்மேல் கோபமில்லை. எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று பழுதாக இருந்தால் போதும் அவருக்கு.

பிறகு வெங்காயத்துக்குத் தண்ணீர் விட உரும்பிராய்த் தோட்டத்துக்குப் போனேன். இறைப்பு முடிந்ததும் வரம்பில் குந்திக்கொண்டு போனை எடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அங்குமிங்கும் தட்டி, எழுத்தின் அளவை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்து, இருப்பதிலேயே சின்னதாக வைத்தேன். அதைப் பெரிதாக்க இனி யாராவது எனக்குச் சொல்லித் தர வேண்டும். மச்சானுக்குப் போன் எடுக்க, அவர் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் எடுத்தது.