ஏன் கத்தல?

கோவிலம்பாக்கத்தில் பிளைவுட் கடை வைத்திருக்கும் அக்தரின் மனைவி பெயர் தபஸ்ஸும். ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல ஆலோசகர். பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் புகார் சொல்ல வரும் பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று போலீஸ்காரர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் வகுப்பு எடுப்பது அவள் வேலை.

"ஏன் கத்தல, ஏன் ஓடலன்னு கேக்காதீங்க. பயத்துல உடம்பு விறைச்சுப் போயிடும், குரலே வராது. துண்டு துண்டாத்தான் ஞாபகம் வரும். மாத்திச் சொன்னா பொய்னு அர்த்தம் இல்ல" என்பாள். பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

தாம்பரத்தில் எடுத்த வகுப்பில் சந்திரிகா என்ற பெண் காவலர் மட்டும் இடைவேளையிலும் வந்து சந்தேகம் கேட்டாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தாம்பரம் ரயில்வே பிளாட்பாரத்துல நிக்கிறேன். எங்க போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பொண்ணு கம்ப்ளெய்ன்ட் குடுக்க வந்துட்டு, பாதியில எழுந்து இங்க வந்துடுச்சு. சீக்கிரம் வாங்க."

அந்தப் பெண்ணுக்குச் சிறுசேரியில் வேலை. வீட்டில் விடுகிறேன் என்று காரில் ஏற்றியவன் கூட வேலை பார்ப்பவன். சந்திரிகா அவளைத் தனி அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எஸ்.ஐ. சாம்பசிவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவரும் அதே வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்தான்.

"தெரிஞ்ச பையன்தானே? அவன் கார்ல ஏன்மா ஏறின? ஏன் கத்தல?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சந்திரிகா பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

தபஸ்ஸும் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இடம் விட்டுத் தபஸ்ஸும் உட்கார்ந்தாள்.

"நான் கவுன்சிலர். நீங்க எதுவும் சொல்ல வேணாம். கம்ப்ளெய்ன்ட் குடுக்காமலே ஆஸ்பத்திரியில பார்ப்பாங்க. நான் கூட வரேன்."

"அங்கயும் சொல்லணும். அப்புறம் இன்னும் எத்தனை பேர்கிட்ட?"

டாக்டர், மாஜிஸ்ட்ரேட், வக்கீல்கள். தபஸ்ஸுமுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நிறைய பேர்கிட்ட" என்றாள்.

"அப்ப விட்டுடுங்க மேடம். எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்." தபஸ்ஸும் போன் நம்பர் எழுதி நீட்டிய சீட்டையும் அவள் வாங்கவில்லை. வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டாள். சந்திரிகா பின்னால் ஏறப் போனாள். தபஸ்ஸும் அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டா சந்திரிகா. நாமளாவது அதைக் கேப்போம்."

ரயில் போனதும் சந்திரிகா உடைந்து அழுதாள். "நான் குறுக்கப் பேசியிருக்கணும்கா. அவர் முன்னாடி எனக்கு வாயே வரல."

தபஸ்ஸும் மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். சாம்பசிவனைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகப் பதில் வந்தது. சந்திரிகாவைப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் தபஸ்ஸும் பதறி எடுப்பாள். ஏதாவது லோன் விளம்பரமாக இருக்கும்.

"உடம்பைக் கெடுத்துக்காத, இந்த வேலைய விட்டுடு" என்று அக்தர் கெஞ்சினார்.

அடுத்த மாதம் புதிதாக ஒரு வகுப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவயதுக் காவலர் ஒருவர் கை தூக்கினார். "மேடம், கத்தவே இல்லன்னா அது உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?"

தபஸ்ஸும் பதில் சொல்ல வாயெடுத்தாள். குரலே வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். டீ இடைவேளை என்று நினைத்து எல்லோரும் எழுந்து போனார்கள்.