கிணற்றடிக்குத் திரும்பிய அம்மா

பேசாலையில் கரைவலையும் ஆட்களும் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டியார் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அம்மாவை ஆண்டவர் அழைத்துக்கொண்டு ஓராண்டாகிறது. கருவாடு காயவைப்பதையும் கோயில் கூட்டுவதையும் எங்கள் ஐவரின் சண்டையையும் ஒன்றாகச் சமாளித்தவர். வாயும் கொஞ்சம் கூடத்தான். அவருடைய கேலிக்குத் தப்பியவர்கள் ஊரில் குறைவு.

அந்த வாய் ஒருமுறை அடங்கிப் போனது. மார்பில் கட்டி என்று ரயிலேறிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனவர், வெள்ளைக்கார டாக்குத்தரின் கத்திக்கு ஒரு மார்பைக் கொடுத்துத் திரும்பினார். புண் ஆறியது, அம்மா ஆறவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. பெண்கள் கூடிக் குளிக்கும் கிணற்றடியில் தலைகாட்டவில்லை. குளிக்கும்போது மார்புக்கு மேல் சுற்றிச் செருகும் குறுக்குக்கட்டு இப்போது நிற்காமல் நழுவுகிறது என்பதை எவரிடமும் சொல்லவில்லை. அறைக்குள்ளேயே உடம்பைத் துடைத்துக்கொண்டு, "இனி நான் இருந்தென்ன பிள்ளை?" என்று கேட்டார். சின்னம்மாமார் சொன்ன ஆறுதலெல்லாம் அவருக்குக் கோபத்தையே மூட்டியது.

அப்போதுதான் அரிப்பு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஆமினா மாமி வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில், அதே நோய்க்கு, அதே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அங்கே அம்மா அவருக்கு முகம் கொடுத்தும் பேசவில்லையாம். மாமி அதை மனதில் வைக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றிக் காட்டினாராம்.

"எனக்கும் ஒரு பக்கம் இல்லை அக்கா. அதுக்காக நான் அரை மனுசியோ?"

அன்றுதான் அம்மா வாய்விட்டு அழுதார். அழுது முடிந்ததும், சீலைத் தலைப்பைத் தோளுக்கு மேலால் எடுத்து முடிந்து, நழுவாமல் குறுக்குக்கட்டுக் கட்ட மாமி காட்டிக்கொடுத்தார். மறுநாள் இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். அங்கிருந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "என்ன பாக்கிறியள்? தண்ணியை அள்ளுங்கோ" என்றார் அம்மா. பழைய வாய் திரும்பிவிட்டது. எங்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்!

அதன்பின் கீரி, முசலி என்று எந்த ஊரிலாவது ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று காதில் விழுந்தால் இருவரும் புறப்பட்டுவிடுவார்கள். மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். போய்வந்தவர்களோடு கூட இருப்பார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை. ஆனால் எவரும் தனியாகக் கிடக்கவில்லை. அம்மாவோ பல்லாண்டு வாழ்ந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டு, மாரிகாலக் காய்ச்சல் ஒன்றில் கண்மூடினார்.

நோயில் உதவிய அயலவருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த கடற்தொழிலாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. ஆமினா மாமிக்கு நன்றி சொல்லப் போனால் ஏச்சுத்தான் கிடைக்கும்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவன்று, முன்பின் தெரியாத இளம்பெண் ஒருத்தி வாசல் படலையில் வந்து நின்று அம்மாவைக் கேட்டாள். நெஞ்சைச் சீலையால் இறுக்கி மூடியிருந்தாள். அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னதும் வந்த வழியே திரும்பினாள். கதிரையில் உட்கார்ந்திருந்த ஆமினா மாமி எழுந்து போய் அவள் கையைப் பிடித்தார்.

"அக்கா போயிட்டா. நான் இருக்கிறன். உள்ளுக்கு வா மகள்."