நிஷாவின் டி.சி. வெளியே வந்த விதம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் கல்பனா. பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் எல்லாம் கல்லூரிக்கு விண்ணப்பம் போட என் கடைக்குத்தான் வரும். பத்து நிமிட வேலை. "அக்கா, அவ இன்னா போட்டாளோ அதையே எனக்கும் போடு" என்பார்கள். போட்டு அனுப்பிவிடுவேன். நிஷா மட்டும் மூன்று நாள் வந்தாள்.

திருமுக்கூடல் பக்கத்துப் பெண். அப்பா அருள்தாஸுக்குக் கூலி வேலை. அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரையும் கீழே இறக்கிக் கட்டிவிட்டு வருவார். மேலேயே இருந்து இழுத்தால் என்ன, ஏன் இறக்க வேண்டும் என்று பத்தாவதிலேயே இவளுக்குச் சந்தேகம். மோட்டார் எங்கேயடி இழுக்கிறது, வெளியே இருக்கிற காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதனால் முப்பது அடி சொச்சத்துக்கு மேல் முடியாது என்று டீச்சர் சொன்னாராம். அன்றைக்குப் பிடித்தது பிசிக்ஸ். பேய் பிடித்திருந்தால்கூட வேப்பிலை அடித்து ஓட்டியிருக்கலாம்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். அதில் பிசிக்ஸிலேயே மூன்று வகை இருந்தது: வெறும் பி.எஸ்சி., கம்ப்யூட்டரோடு சேர்ந்தது, எம்.எஸ்சி. வரை ஒரேயடியாகப் போகிற ஐந்து வருடப் படிப்பு. திரையில் ஒன்றைத் தொடச் சொல்வாள், நான் தொட்டதும் "அக்கா, அக்கா, வேணாம்" என்பாள். நாற்காலியில் உட்காரமாட்டாள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"ஏதாவது ஒண்ண சொல்லுடி, பேஜார் பண்ணாத" என்றேன்.

"கம்ப்யூட்டர் சேந்தா வேலை கெடைக்கும்ன்றாங்க. ஆனா பாதி நேரம் அதுக்கே பூடும்லக்கா? அஞ்சு வருசமே போடு. மூணு வருசம்னா வூட்ல போதும்னு சொல்லிடுவாங்க."

அருள்தாஸ் போனில் பாதி நாள் ரீசார்ஜ் இருக்காது என்பதால் என் நம்பரையே கொடுத்தோம். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கடைக்கு முன்னால் வந்து நிற்பாள். "மெசேஜ் வந்துச்சா?" "வர்லடி." பதினொரு நாள் இதே பாட்டு.

அதற்குள் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. நிஷாவின் அம்மா தேவகிக்கு ஒரு தம்பி, வசந்த்குமார். தனியார் கல்லூரி ஒன்றில் பஸ் ஓட்டுகிறான். அங்கே வாத்தியார் முதல் வாட்ச்மேன் வரை ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தால்தான் வேலை பர்மனென்ட். நாலு பேரைப் பிடித்துவிட்டான். ஐந்தாவதுக்கு அக்கா வீட்டுக்கு வந்தான்.

"டி.சி.ய மட்டும் குடுக்கா. எங்க காலேஜ்லயும் பிசிக்ஸ் கீது. பஸ்ஸு வூட்டாண்டயே வரும். அந்த மெட்ராஸ் சீட்டு வராம பூட்டா இன்னா பண்ணுவ?"

தேவகி பயந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் டி.சி. எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளை. நிஷாவுக்கு விஷயம் தெரிந்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் போனுக்கு மெசேஜ் வந்தது. சீட் கிடைத்துவிட்டது. வியாழன் காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், டி.சி. இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

புதன் காலை அப்பனும் மகளும் அந்தக் கல்லூரிக்குப் போனார்கள். ஆபீஸ் கிளார்க் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். "சேர்மன் ஊர்ல இல்ல. சேந்த பிள்ளைக்கு நடுவுல டி.சி. தர்ற வழக்கம் இல்ல. இங்க இல்லாத பிசிக்ஸா அங்க கீது?" என்று சொல்லி அனுப்பிவிட்டான். பதினொரு மணிக்கு நேராக என் கடைக்கு வந்தார்கள். நிஷா தெருவைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் வசந்த்குமாருக்குப் போன் போட்டேன்.

"உன் வேலைய பர்மனென்ட் பண்ணிக்கிறதுக்கு அவ படிப்புதான் கெடச்சுதா?"

அவன் போனை வைத்துவிட்டான். இரண்டு மணிக்கு நேரில் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. உள்ளே விசாரித்திருக்கிறான். அந்தக் கல்லூரியில் இந்த வருடம் பிசிக்ஸுக்குச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி நிஷா. வகுப்பையே மூடிவிட்டு இரண்டு பேரையும் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போகிறார்களாம்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றான். கெட்டவன் இல்லை. சொன்னதை நம்பிவிட்ட முட்டாள்.

என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினான். அருள்தாஸைத் தனியே கூட்டிப்போய் ஏதோ எழுதினான். அவர் வேண்டாம் என்று தலையைத் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் வண்டியில் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு வேலை உருப்படியாக நடக்கவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிஷா வெளியே ஓடினாள். நானும் யாருடைய ரேஷன் கார்டையோ தலைகீழாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

நாலரை மணிக்கு வந்தார்கள். வசந்த்குமார் சட்டைக்குள்ளிருந்து டி.சி.யை எடுத்தான். நிஷா பிடுங்காத குறையாக வாங்கி வரி வரியாகப் பார்த்தாள்.

"இன்னா சொல்லி வாங்கினீங்க?"

வசந்த்குமார் அருள்தாஸைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

"உனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு, இனிமே படிக்க வைக்கலன்னு எழுதிக் குடுத்தோம்மா" என்றார். "அஞ்சு நிமிசத்துல அந்தக் கிளார்க்கு எடுத்துக் குடுத்துட்டான். காலைல மூஞ்சியே குடுக்காதவன், மாப்பிள இன்னா பண்றாருன்னு கேட்டான்."

நிஷா பிறந்த தேதியில் விரலை வைத்தாள். "நைனா, எனக்கு இன்னும் பதினெட்டு ஆவல. இதுலயே போட்டுக்கீதே. அவன் பாக்கலயா?"

"பாத்துக்கினுதாம்மா ரிஜிஸ்டர்ல எழுதுனான்."

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று வசந்த்குமார் நினைத்துக்கொண்டான். அது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். எனக்கும் அதே ஆத்திரம்தான்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். ஐந்து வருடப் பிசிக்ஸ். வசந்த்குமார் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ரிஜிஸ்டரில் நிஷாவின் பெயருக்கு நேராகக் காரணம் 'திருமணம்' என்று எழுதினார்களாம். அதே பக்கத்தில், அதே காரணத்தோடு, இன்னும் நாலு பெண்களின் பெயர் இருந்ததாக வசந்த்குமார் போகிற போக்கில் சொன்னான். அந்த நாலு பேரில் யார் யார் படிக்கப் போனார்கள், யாருக்கு நிஜமாகவே தாலி கட்டிவிட்டார்கள் என்று அவனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.