ஆழப்பக்கம்

பிளீச்சிங் பவுடர் வாசனை எங்கே வந்தாலும், ஈரத் தலையும் சிவந்த கண்ணுமாக வீட்டுக்குள் நுழையும் என் தம்பி சேவியர்தான் நினைவுக்கு வருகிறான். திண்டுக்கல்லில் எங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம் அது. குடங்களில் பிடித்து வைத்ததை அளந்து அளந்து ஊற்றிக் குளித்த பிள்ளைகளுக்கு, பொது நீச்சல் குளத்தில் முழு உடம்பும் மூழ்குவது எம்புட்டுப் பெரிய சுகம் என்பது வேறு ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது.

குளத்துக்கு "பொடிசுப்பக்கம்", "ஆழப்பக்கம்" என்று இரண்டு பக்கங்கள். நடுவில் ஒரு கயிறு. குறுக்கே நான்கு தடவை நிற்காமல் நீந்திக் காட்டினால்தான் நீச்சல் மாஸ்டர் நம் நுழைவுச் சீட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, கயிற்றைத் தாண்ட விடுவார். கோடு வாங்கிய பிள்ளைகள் தெருவில் நடக்கிற நடையே வேறு. சேவியர் மூன்று தடவை வந்துவிடுவான். நான்காவதில் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். அடுத்த ஞாயிறு எப்படியும் வாங்கிவிடுவேன் என்று பூசைக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்த ஞாயிறு கதவில் பூட்டு தொங்கியது. அரசு நிதியில் மராமத்து என்று பலகை. "ரெண்டே மாசந்தான் அப்பு" என்று மாஸ்டர் அவனிடம் சொன்னதை நாங்கள் நம்பினோம். அந்தக் கோடை போய் அடுத்த கோடையும் வந்தது. பலகை வெளுத்தது, குளத்துக்குள் கருவேலஞ்செடி முளைத்தது.

தண்ணீரில் ருசி கண்ட பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஊருக்கு வெளியே பாறைக்குழியில் மழைத்தண்ணீர் கிடந்தது. நீச்சல் பழகுகிறவர்கள் காலிக் குடத்தைக் கவிழ்த்து, அதைக் கட்டிப்பிடித்து மிதப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குளத்துக்குள் குடம் கொண்டுவர மாஸ்டர் விடமாட்டார். கேட்க ஆளில்லாத பாறைக்குழிக்கு, சேவியர் எங்கள் வீட்டுப் பச்சை பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நடுவில் குடம் கைநழுவிவிட்டது. கரைக்கு வந்தது குடம் மட்டும்தான்.

அதை யாரோ வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா உடைக்கப் போனார். "விடுங்க, நாளைக்குத் தண்ணி வருது" என்றாள் அம்மா. பல வருடம் அந்தக் குடத்தில்தான் தண்ணீர் பிடித்தோம். அம்மாமேல் எனக்கு வந்த கோபம் ஆற வெகுநாள் பிடித்தது. பூட்டைப் போட்டுவிட்டு மறந்தவர்கள்மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

ஆட்சிகள் மாறி, பலகைகள் மாறி, ஒருவழியாகப் போன மாதம் குளத்தைத் திறந்தார்கள். என் மகளைக் கூட்டிப் போனேன். நீல ஓடு, டால்பின் பொம்மை, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. கயிறு இல்லை, சீட்டில் கோடும் இல்லை. மகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தே போனாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. ஆழப்பக்கம் எங்கே என்று கேட்டேன். கான்கிரீட் கொட்டி மேடாக்கிவிட்டதாக அங்கே வேலை பார்த்த இளைஞர் பெருமையாகச் சொன்னார்.

"ஆழம் வச்சா ரிஸ்க்குக்கா. பிள்ளைக ஏதும் செத்துப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இருபது வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.