பட்டர்வொர்த்தில் ஐந்தாவது மாடி

“கப்பல் ஒரு பகல் நிக்கும். அதுக்குள்ள இவ அந்த ஊரப் பத்திக் கட்டுரை எழுதப் போறாளாம் லா! நம்ம குடும்பத்துல எவன் எழுதியிருக்கான்?” என்று சித்தப்பா சிரித்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பாசீர் கூடாங்கில் அப்பா வேலை செய்த தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக் குலுக்கலில் எங்களுக்குக் கப்பல் பயணம் விழுந்திருந்தது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கில் ஒரு பகல் நின்று திரும்ப வேண்டும். கட்டுரை எழுதி வருவதாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். கோட்டை, கொடிமலை ரயில் என்று பட்டியலும் போட்டிருந்தேன்.

அம்மாவின் திட்டம் வேறு. கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. எங்கள் ஊர் மாசாயிலிருந்து அவர் சுமந்து வந்த பையில், துண்டில் சுற்றிய ஒரு தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் அண்ணனின் கல்யாணப் பத்திரிகையும் இருந்தன.

மூன்று வருடங்களுக்கு முன் அக்கா கல்யாணத்துக்குப் பெரியம்மாவை நேரில் போய் அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் போனையும் எடுக்கவில்லை.

ஆகவே நான் பார்த்த பினாங்கு இவ்வளவுதான்: துறைமுக வாசலில் வெயிலில் நின்ற திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டிகள், ஏதோ ஒரு சுவரில் பாதி ஓவியம், அப்புறம் பெரியம்மா இருந்த அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரி. நடுக்கடலில் திரும்பிப் பார்த்தால், நாங்கள் வந்த கப்பலே ஊரை மறைத்துக்கொண்டு நின்றது.

பெரியம்மாவின் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டிருந்தது. ஐந்து மாடி ஏறினோம். கூப்பிட்டதும் பெரியம்மா வந்து இரும்புக் கிரில்லுக்குப் பின்னால் நின்றார்.

“என்னடி, தபால்காரன் செத்துட்டானா?”

“நேர்ல கூப்பிட வந்திருக்கேங்கா. மகனுக்குக் கல்யாணம்.”

“குடு இப்படி.” கம்பி இடைவெளியில் கையை நீட்டினார்.

அம்மா தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “வெளிய நின்னு குடுக்க நான் என்ன கரண்டு பில்லா கொண்டாந்திருக்கேன்? கதவத் தொறக்கா.”

“தொறக்க மாட்டேன்.”

“அப்ப நானும் போவ மாட்டேன்.”

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “ஃபெரிய விட்டா கப்பல் போயிரும்மா.”

இருவரும் அசையவில்லை. ஃபெரியில் ஏறியதிலிருந்து அடக்கி வைத்திருந்ததை நான் சொல்லிவிட்டேன்: “பெரியம்மா, எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது.”

உடனே பூட்டில் சாவி திரும்பியது. “பிள்ளைய இப்படியாடி நிக்க வைப்பே, அறிவு கெட்டவளே!” என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே எனக்கு வழி விட்டார்.

நான் வெளியே வந்தபோது தாம்பாளம் பெரியம்மா கையில் இருந்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். மறுபடியும் சண்டை, அதுவும் என்னால்தான் என்று பயந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஓட்டமாக ஓடிக் கப்பலைப் பிடித்தோம்.

ஊர் திரும்பி, பார்க்காத கோட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். வகுப்பில் அதற்குத்தான் அதிகப் புள்ளி. பெரியம்மா சாவியை எடுக்க உள்ளே போகவே இல்லை, முதலிலிருந்தே அது அவர் கையில்தான் இருந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கவனித்தேன், ஆனால் அது ஏன் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதுகலைக்குப் பினாங்கில் இடம் கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன்.